புள்ளிமானும் சிவப்புப் புள்ளியும்

ஒரு காட்டில் குரங்கு கத்தினால் மான் ஓடும். அந்தக் காட்டில் இருந்த மொத்தத் தொழில்நுட்பமும் அவ்வளவுதான்.

குரங்கின் பெயர் தாண்டவராயன். கறுத்த முகம், சாம்பல் உடம்பு, உடம்பைவிட நீளமான வால். மரத்து உச்சியில் உட்கார்ந்து கொழுந்து தின்பான். கீழே புள்ளிமான்கள் மேயும். அவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போடுகிற பழத்தை அவை பொறுக்கித் தின்னும். புலி வருவது தெரிந்தால் அவன் தொண்டை கிழியக் கத்துவான். மான்கள் எங்கே, ஏன், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஓடிவிடும். புலி வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

நரி எப்போது வரும் என்று பார்க்காதீர்கள். இந்தக் கதையில் நரி கிடையாது. நரி பார்த்த வேலையைப் பார்க்க இப்போது நிறைய பேர் படித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரே ஒரு புலி. எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயாவுக்குப் பசி. குரங்கைக் கொன்றால் பிரச்சினை தீரும், ஆனால் அந்த உயரத்துக்கு ஏற முடியாது. பக்கத்து மலைக்குப் போய் வந்தபோது அது ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தது. தரவு. அதற்கு என்ன அர்த்தம் என்று புலிக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார் என்பதைக் கவனித்திருந்தது.

ஒரு மத்தியானம் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தது. குரங்கு கத்தினான். மான்கள் ஓடின. புலி அசையவில்லை.

"தம்பி, நீ போடுறது சத்தம் இல்ல. தரவு," என்றது. "அதைப் போய் தொண்டையில வச்சுக் கத்திட்டிருக்க. உன் தகுதிக்கு இது குறைச்சல் இல்லையா? படமா வரை."

தாண்டவராயன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்படித்தான் வனக் காட்சிப் பகுப்பாய்வு மையம் தொடங்கியது. புரவலர், புலி. இயக்குநர், மயில். தோகை முழுக்கப் புள்ளி இருக்கிறது, அதனால் புள்ளிவிவரம் தெரியும் என்று மயிலே சொல்லிக்கொண்டது. மறுத்துப் பேச யாருக்கும் புள்ளிவிவரம் தெரியாது.

மையத்தில் எல்லாருக்கும் தனித்தனித் துறை. ஒருவர் துறைக்குள் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது. பச்சோந்திக்கு நிறத் துறை. சிலந்திக்கு வலைப்பின்னல் படங்கள். யார் யாரோடு சேர்ந்தவர், யார் யாரைத் தின்பவர் என்று நூல் இழுத்து அது ஒரு படம் போட்டது. பார்க்கப் போன ஈ ஒன்று திரும்பி வரவில்லை. சிலந்தி அதைப் 'பயனர் ஈடுபாடு' என்று அறிக்கையில் சொன்னது. ஆந்தைக்கு நிச்சயமின்மைத் துறை. புலி இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று காடு முழுவதையும் மங்கலாகப் பூசிவிடும். அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஒருவருக்கும் பயன்பட்டதும் இல்லை.

தாண்டவராயனுக்குத்தான் முக்கியமான துறை. புலி இப்போது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

முதல் படத்தை மந்தாரை இலையில் வரைந்து தண்ணீர்த் துறையில் மாட்டினார்கள். மான்கள் வந்து பார்த்தன. பிறகு படத்தைத் தின்றன. பச்சை இலையை மான் முன்னால் நீட்டினால் வேறு என்ன நடக்கும்? மையத்தில் கூடிப் பேசி, மான் வாய் வைக்காத தேக்கு இலைக்கு மாறினார்கள். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்புச் சாயம் வரும். பச்சை இலையில் அந்தச் சாயத்தால் புலிக்கு ஒரு புள்ளி. பச்சையில் சிவப்பு பளிச்சென்று தெரியும் என்று பச்சோந்தி நீண்ட நேரம் விளக்கியது. விளக்கும்போதே பாதி பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் மாறிக் காட்டியது. மயில் அகவியது. குரங்கு தலையசைத்தான். எல்லாருக்கும் பளிச்சென்றுதான் தெரிந்தது.

புரவலரிடம் காட்டினார்கள். புலி இலையின் முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தன் இருப்பிடத்தை இவ்வளவு பச்சையாகப் போட்டுக்கொடுத்தால் ஐயாவுக்குக் கோபம் வராதா? வரவில்லை.

"ரொம்ப சுத்தமா இருக்கு," என்றது புலி. "இப்படித்தான் இருக்கணும். மாட்டுங்க."

அன்றிலிருந்து குரங்கு கத்துவதை நிறுத்திவிட்டான். கத்த வேண்டிய நேரத்தில் கீழே இறங்கி வந்து புள்ளியை மாற்றி வைப்பான். மான்கள் தண்ணீர் குடிக்கப் போவதற்கு முன்னால் இலையைப் பார்க்கும். இலை பச்சையாக இருக்கும். நிம்மதியாகப் போகும். புலி புதரில் இருக்கும்.

முதல் மான் போன அன்று மையத்தில் வருத்தப்பட்டார்கள். வருத்தத்தைப் படமாகப் போட்டார்கள். செத்த மானுக்கு ஒரு புள்ளி. அடுத்துப் போனவளுக்கு இன்னொன்று. உயிரோடு இருந்தபோது உடம்பு முழுக்கப் புள்ளியோடு திரிந்தவர்கள், செத்ததும் ஆளுக்கு ஒரே புள்ளி ஆனார்கள். கணக்கு எளிமையானது என்று மயில் பாராட்டியது.

அந்த மந்தையில் மருக்கொழுந்து என்று ஒரு பெண் மான். வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு ஒரு குட்டி, அப்போதுதான் பால் மறந்து தண்ணீருக்குப் பழகிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் துறைக்குப் போகாமல் அதை வளர்க்க முடியாது. போனால் அது புள்ளி ஆகிவிடும். அவளுக்கு இருந்தது இந்த ஒரே பிரச்சினைதான். அவள் யாரையும் திருத்தக் கிளம்பவில்லை.

மான்கள் சாகச் சாக மையத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படத்தில் குறை இல்லை, மானுக்குத்தான் படம் படிக்கத் தெரியவில்லை. உடனே ஒரு முகாம் போட்டார்கள். பச்சோந்தி இலையை நடுவில் நிறுத்தி, சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டது. கொம்பு வளர்ந்த பெரிய கிடா முதலில் நின்றது. அதற்கு வெறும் இலைதான் தெரிந்தது. ஆனால் பின்னால் இத்தனை பெண் மான்கள் நிற்கும்போது தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கழுத்தை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இரண்டு தடவை மெதுவாகத் தலையாட்டியது. தெரியுது, தெரியுது. அடுத்ததும் அதே மாதிரி சாய்த்து, சுருக்கி, ஆட்டியது. மந்தை முழுக்க ஆட்டி முடித்தது.

மருக்கொழுந்து முறை வந்தது. இலை பச்சையாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள்.

கிடா அவளைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் தெரிகிறது உனக்கு மட்டும் என்ன கேடு, மானத்தை வாங்காதே என்று சீறியது. மறுநாள் தண்ணீர்த் துறையில் அந்தக் கிடாவும் போய்விட்டது. அதற்குப் பெரிய புள்ளியாக வைத்தார்கள். கொம்பு இருந்ததால்.

அவள் நேராகத் தாண்டவராயனைத் தேடிப் போனாள். அவன் அத்தி மரத்தின் கீழ்க்கிளையில் உட்கார்ந்திருந்தான். பதவி வந்த பிறகு உச்சிக்கு ஏறுவதில்லை. வால் மட்டும் கிளையிலிருந்து தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு சிவப்பு என்கிறீர்களே, அது என்ன என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு ஓர் அத்திப் பழத்தையும் ஓர் இலையையும் பறித்துக் காட்டினான். இது சிவப்பு, இது பச்சை. இரண்டும் ஒன்றுதானே என்றாள் அவள். அவன் மறுபடி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, புலி என்ன நிறம்?"

"செம்மஞ்சள். பத்து மரம் தள்ளி நின்னாலும் கண்ணைக் குத்துமே."

"எங்களுக்கு அது புல்லு நிறம். புல்லுக்குள்ள நின்னா புல்லு. பாயும்போதுதான் புலி. பொறந்ததுல இருந்து அப்படித்தான். அதனாலதான் உங்க தொண்டையை நம்பி இருந்தோம்."

தாண்டவராயன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். இத்தனை வருஷம் கீழே போட்ட பழங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பழுத்தது எது என்று அவன் கடித்துப் போட்டால்தான் மான்களுக்குத் தெரியும்.

நல்லவன்தான். ஆனால் அதற்குள் ஆய்வாளன் ஆகியிருந்தான்.

இது அருமையான கண்டுபிடிப்பு என்றான். நிறத் துறைக்கு எழுதிப்போட வேண்டும். ஆனால் ஒரே ஒரு மான் சொன்னது போதாது, இன்னும் நிறைய புள்ளிகள் வேண்டும். எந்தப் புள்ளி என்று அவள் கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, அந்தப் புள்ளிதான் என்றான்.

"நீ ஆராய்ச்சி பண்ணு, பண்ணாம இரு. புலி வந்தா கத்து. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"அது முடியாது தங்கச்சி. கத்துறதுன்னா அது ஒலியாக்கம். தரவைச் சத்தமா மாத்துறது. அது தனித் துறை. இன்னும் ஆள் போடல."

"நீதான் கத்துவியே."

"இப்ப நான் வரைபடம். என் துறையை விட்டுட்டுக் கத்தினா நாளைக்கு ஆந்தை வரையும், சிலந்தி கத்தும். அப்புறம் மையம்னு ஒண்ணு எதுக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தொங்குகிற வாலைப் பார்த்தாள். போய்விட்டாள்.

மையத்துக்கு ஆண்டு விழா வந்தது. தண்ணீர்த் துறையிலேயே கூட்டம் போட்டார்கள். பயனாளிகள் முன்னிலையில் செய்தால் மதிப்பு என்று மயில் ஏற்பாடு. மான்களை வரிசையாக உட்காரவைத்து, பெரிய தேக்கு இலையைக் கட்டித் தொங்கவிட்டு, தாண்டவராயன் கிளையில் உட்கார்ந்து படத்தை விளக்க ஆரம்பித்தான். இந்தப் பக்கம் மேய்ச்சல், இந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் புள்ளி காலையில் இங்கிருந்தது, இப்போது இங்கே. மான்கள் கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, தலையாட்டின.

குட்டிக்குத் தாகம். அதற்கு ஆண்டு விழாவும் தெரியாது ஒன்றும் தெரியாது. வரிசையை விட்டு நழுவித் தண்ணீருக்குப் போய்விட்டது. மருக்கொழுந்து திரும்பிப் பார்த்தபோது அது கரையில் முன்னங்கால்களை விரித்துக் குனிந்திருந்தது. பின்னால் புல். நல்ல உயரமான புல்.

அவள் புல்லைப் பார்க்கவில்லை. பார்த்துப் பிரயோஜனம் இல்லை. குரங்கின் முகத்தைப் பார்த்தாள். தாண்டவராயன் பேசிக்கொண்டே இருந்தான். கண் மட்டும் இலையை விட்டுவிட்டுப் புல் பக்கம் போனது, அங்கேயே நின்றது. அடுத்த படத்துக்குப் போவோம் என்றான்.

மருக்கொழுந்து எழுந்து போய் அவன் வாலைக் கடித்தாள்.

சும்மா கவ்வவில்லை. எலும்பு வரைக்கும் கடித்தாள்.

காடு முழுக்கக் கேட்டது. பழைய கத்தல், அதே தொண்டை, அதைவிட நாலு மடங்கு. மான்களின் மூளைக்கு எதுவும் எட்டுவதற்கு முன்னால் கால்கள் கிளம்பிவிட்டன. குட்டி தண்ணீரில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாகத் துள்ளி விழுந்து எழுந்து ஓடியது. புலி பாய்ந்த இடத்தில் வெறும் சேறு. மயில் பறந்து ஆலமரத்தில் உட்கார்ந்தது. இலை கிழிந்து தொங்கியது. கிளையில் தாண்டவராயன் வாலைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டே இருந்தாலும் தொண்டை லேசானது மாதிரி இருந்தது என்று பின்னால் யாரிடமோ சொன்னானாம்.

இங்கேயே முடித்திருந்தால் உருப்படியான கதை. ஆனால் குட்டிக்குக் கால் பிசகிவிட்டது. மந்தை தூரமாகப் போய்விட, மருக்கொழுந்து குட்டியோடு மூங்கில் புதருக்குள் ஒதுங்கினாள். அங்கிருந்து நகர முடியாது.

புலிக்கு இப்போது பசியோடு அவமானமும் சேர்ந்துவிட்டது. மையத்தைக் கூட்டி, மானுக்குப் படம் போட்டுக் கிழித்தது போதும், இனி எனக்குப் போடுங்கள் என்றது. எந்த மான் எங்கே படுத்திருக்கிறது என்று தினமும் காலையில் எனக்குத் தெரிய வேண்டும். மையத்தில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. கடைசியில் படம் படிக்கத் தெரிந்த ஒரு பயனர். மயில் மேலே பறந்து பார்த்துச் சொல்ல, பச்சோந்தி சாயம் குழைக்க, தாண்டவராயன் வாலில் பச்சிலைக் கட்டோடு உட்கார்ந்து வரைந்தான்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே மூங்கில் புதர்ப் பக்கம் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். மூங்கில் புதரையும் போட்டிருக்கிறேன், பெரிய சிவப்புப் புள்ளியாக, நடுவில். இல்லாததைப் போட முடியாது, இருப்பதை மறைக்கவும் முடியாது, அது துறை ஒழுக்கம்.

"என் புள்ளைய நீ புள்ளியா வச்சிட்ட," என்றாள் அவள்.

அவன் கட்டுப் போட்ட வாலை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான். இன்னொரு தடவை கடிப்பதானால் கடி என்பது போல. இப்போது கடித்து என்ன ஆகப் போகிறது என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

காலையில் குட்டியை இலைச் சருகுக்குள் படுக்கவைத்துவிட்டு அவள் மட்டும் பதுங்கிப் போனாள். புலி கிளம்பியதும் அதன் முன்னால் குறுக்கே ஓடி, தன்னைத் துரத்த வைத்து, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதாக எண்ணம். முட்டாள்தனமான எண்ணம்தான், ஆனால் அதைவிட நல்லதாக வேறொன்றும் கிடைக்கவில்லை.

மையத்தின் எதிரே ஒரு கள்ளிப் புதர். அதன் பின்னால் நின்று பார்த்தாள். புதிய தேக்கு இலையைப் புலியின் முன்னால் விரித்தார்கள். பச்சோந்தி குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கியது. ஐயா பாருங்கள், எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது.

புலி இலையைப் பார்த்தது. கழுத்தை லேசாகச் சாய்த்தது. கண்ணைச் சுருக்கியது. இரண்டு தடவை மெதுவாகத் தலையாட்டியது.

"தெரியுது, தெரியுது," என்றது.

மருக்கொழுந்துக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். முகாமில் மந்தை முழுக்க ஆட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

ஆமாம். புலிக்கும் சிவப்பு தெரியாது. தான் என்ன நிறம் என்பதே அதற்குத் தெரியாது. அன்று காட்டிய தேக்கு இலைப் படத்தைச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியது, அதில் ஒன்றுமே தெரியாததால்தான். இப்போது போய்த் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? புரவலர். ஐயா வேறு. விறைப்பாக எழுந்து, முக்கியமான இடத்துக்குப் போகிற மாதிரி, மூங்கில் புதருக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது.

மறுநாளும் அப்படித்தான். படம், தலையாட்டல், தப்பான திசை. குரங்கிடம் நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் படம் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடும். ஆகவே கேட்கவில்லை. மான் கிடைக்காத நாளில் தவளை தின்றது. பிறகு நண்டு. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதை மட்டும் எல்லாரும் எந்தப் படமும் இல்லாமல் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

குட்டியின் கால் சரியானது. மருக்கொழுந்து மையத்துக்குப் போனாள். பழைய விஷயத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தாண்டவராயன் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். அவள் சண்டை பிடிக்கவில்லை. உங்கள் பணி ரொம்ப நல்ல பணி, நிறுத்திவிடாதீர்கள் என்றாள். பச்சோந்தியிடம் தனியாக ஒரு கோரிக்கை வைத்தாள்.

"சிவப்பை இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. ஐயாவுக்குச் சிவப்புன்னா உயிர்."

பச்சோந்திக்கு முதல் தடவையாக ஒருவர் துறை சார்ந்து பேசியது போலிருந்தது. சந்தோஷத்தில் அதற்கு என்ன நிறம் வருவது என்றே தெரியவில்லை.

மழைக்கு முன்னால் புலி மலையைத் தாண்டிப் போய்விட்டது. இந்தக் காட்டில் மானே இல்லை, அதற்கு ஆதாரப்பூர்வமான படம் இருக்கிறது என்று அங்கே சொல்லிக்கொண்டு திரிகிறதாம். மையம் தன் அறிக்கையில், மான் சாவு அறவே நின்றுவிட்டது, காட்சிப் பகுப்பாய்வின் மாபெரும் வெற்றி என்று போட்டது. மயில் அதைப் படித்துவிட்டுத் தோகை விரித்தது. யாராலும் மறுக்க முடியவில்லை. உண்மையும் அதுதான்.

ஒலியாக்கத் துறைக்கும் ஆள் போட்டுவிட்டார்கள். மருக்கொழுந்துதான். அவளுக்குக் கத்தத் தெரியாது. கடிக்கத் தெரியும்.

நீதி: படம் உனக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்படாதே, உன்னைத் தின்ன வருகிறவனுக்கும் அது புரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். அவசரத்துக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு வால் இருக்கட்டும்.